ஹன்டிங்டன் நோயும் குடும்பமும்

ஹன்டிங்டன் நோய் என்பது மூளையின் நரம்பணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒரு மரபுவழி நோய் ஆகும். உடலசைவு, சிந்தனை, மனநிலை ஆகிய மூன்றையும் இது பாதிக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் இந்நோய்க்கான மரபணு மாற்றம் இருந்தால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அம்மாற்றம் வந்து சேரும் வாய்ப்பு 50% ஆகும். அறிகுறிகள் பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தோன்றுகின்றன. அதற்குள் பலர் மணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றிருப்பர். எனவே ஒருவருக்கு இந்நோய் உறுதி செய்யப்படும்போது, அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தோர், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் எதிர்காலம் பற்றிய கேள்வியும் அதே நாளில் எழுகிறது. இக்காரணத்தால் இது குடும்ப நோய் என்று குறிப்பிடப்படுவதுண்டு. இக்கட்டுரை, இந்நோய் குடும்பத்தின் மீது ஏற்படுத்தும் தாக்கங்களையும், அவற்றைக் குடும்பங்கள் எதிர்கொண்ட வரலாற்றையும் விளக்குகிறது.

== நோயின் தன்மை ==

இந்நோயின் வெளிப்படையான அறிகுறி, கட்டுப்பாடின்றி நிகழும் உடலசைவு ஆகும். விரல்கள், தோள், முகம் ஆகியவை தாமாகவே அசையத் தொடங்கும். நடை தள்ளாடும். ஆட்டம் போன்ற இவ்வசைவுகள் கோரியா எனப்படுகின்றன. ஆட்டம், நடனம் ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இதன் காரணமாக இந்நோய் நெடுங்காலம் ஹன்டிங்டன் கோரியா என்றே அழைக்கப்பட்டது. அசைவுக் கோளாறு இல்லாமலும் நோய் தொடங்கக்கூடும் என்பது தெரிந்த பின்னர், ஹன்டிங்டன் நோய் என்ற பெயர் நிலைபெற்றது.

அசைவை விடவும் குடும்பத்தினரை அதிகம் வருத்துபவை மன மாற்றங்களும் சிந்தனை மாற்றங்களும் ஆகும். திட்டமிடுதல், ஒரு வேலையைத் தொடங்குதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் ஆகியவை கடினமாகின்றன. எரிச்சல், திடீர்ச் சினம், மனச்சோர்வு, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவை தோன்றுகின்றன. இவை அசைவுக் கோளாறு தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடலாம். அக்காலத்தில் கணவரோ மனைவியோ பிள்ளைகளோ, இவர் ஏன் இப்படி மாறிவிட்டார் என்று காரணம் தெரியாமல் தவிக்கின்றனர். நோயாளிகள் பலருக்குத் தம்மிடம் ஏற்பட்டுள்ள மாற்றம் தெரிவதில்லை. இது பிடிவாதமோ மறுப்போ அன்று. தன்னிலை அறியும் மூளைப் பகுதிகள் பழுதடைவதால் ஏற்படும் குறைபாடு ஆகும்.

அறிகுறிகள் தோன்றிய பின் நோயாளி பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழ்கிறார். இறுதிக் கட்டத்தில் பேசவும், நடக்கவும், விழுங்கவும் இயலாமல் போகிறது. விழுங்கும் திறன் குறைவதால் உணவு நுரையீரலுக்குள் சென்று ஏற்படும் நிமோனியா, இறப்புக்கு முதன்மையான காரணமாக உள்ளது. நோயாளி பேச இயலாத நிலையிலும், தம் வீட்டாரை அடையாளம் காணும் திறன் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

== மரபுவழி ==

இந்நோய்க்கான மரபணு, 4 ஆம் நிறப்புரியின் குட்டைக் கையின் முனைக்கு அருகில் அமைந்துள்ளது. ஹன்டிங்டின் என்ற புரதத்தை உருவாக்கும் குறிப்பு இம்மரபணுவில் உள்ளது. அதில் சி.ஏ.ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. இத்தொடர் எத்தனை முறை வருகிறது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது.

* 26 அல்லது அதற்குக் குறைவு: இயல்பான நிலை.
* 27 முதல் 35 வரை: நோய் தோன்றுவதில்லை. அடுத்த தலைமுறையில் எண்ணிக்கை கூடக்கூடும்.
* 36 முதல் 39 வரை: நோய் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம்.
* 40 அல்லது அதற்கு மேல்: இயல்பான ஆயுட்காலத்திற்குள் நோய் தோன்றும்.

எண்ணிக்கை கூடக்கூட நோய் தொடங்கும் வயது பொதுவாகக் குறைகிறது. தந்தை வழியாக வரும்போது எண்ணிக்கை அதிகரிக்கும் போக்கு மிகுதி. இதனால் சில குடும்பங்களில், தந்தைக்கு நோய் வெளிப்படும் முன்னரோ, வெளிப்பட்ட சில ஆண்டுகளிலோ பிள்ளைக்கும் அறிகுறிகள் தோன்றிவிடுகின்றன. 20 வயதுக்கு முன் தொடங்கும் நோய் இளம்பருவ ஹன்டிங்டன் நோய் எனப்படுகிறது. இதில் ஆட்டத்தை விட உடல் விறைப்பும் வலிப்பும் அதிகம் காணப்படுகின்றன.

ஆண், பெண் இருபாலருக்கும் நோய் சமமாக வருகிறது. மரபணு மாற்றத்தைப் பெறாத பிள்ளையின் வழித்தோன்றல்களுக்கு அந்தப் பிள்ளை மூலமாக நோய் வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு தனித்தனியாக 50% என்பதால், ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் நோய் வரலாம். ஒருவருக்கும் வராமலும் போகலாம். நான்கு பேரில் இருவருக்கு வந்துவிட்டது, எனவே மற்ற இருவரும் தப்பினர் என்ற கணக்கு தவறானது.

ஐரோப்பிய வழித்தோன்றல்களிடையே இந்நோய் ஒரு லட்சம் பேரில் சுமார் 10 பேருக்குக் காணப்படுகிறது. ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசிய நாடுகளில் ஒரு லட்சத்திற்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது.

== வரலாறு ==

=== மூன்று தலைமுறை மருத்துவர்கள் ===

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் 1850 ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜார்ஜ் ஹன்டிங்டன். இவருடைய தந்தையும் பாட்டனாரும் அவ்வூர் மருத்துவர்கள். சிறுவனாக இருந்தபோது தந்தையுடன் வண்டியில் செல்கையில், தாயும் மகளுமான இரு பெண்கள் உடல் வளைந்து முகம் கோணியவாறு வழியில் வந்ததைக் கண்டார். அக்காட்சி தம் மனத்தில் பதிந்துவிட்டதாகப் பிற்காலத்தில் இவர் கூறியுள்ளார்.

1872 ஆம் ஆண்டில், தம் 22 ஆம் வயதில், கோரியா பற்றி இவர் எழுதிய கட்டுரை வெளியானது. நோய் மரபுவழி வருவது, பெரியவர்களைத் தாக்குவது, மனநலக் கோளாறுக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்வது ஆகிய மூன்று இயல்புகளை அதில் குறித்தார். ஒரு தலைமுறையில் தப்பியவருடைய பிள்ளைகளுக்கு நோய் வருவதில்லை என்பதையும் பதிவு செய்தார். மெண்டலின் மரபியல் விதிகள் உலகின் கவனத்திற்கு வர மேலும் 28 ஆண்டுகள் இருந்தன. ஒரே ஊரில் ஒரே குடும்பங்களை மூன்று தலைமுறை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்ததே இக்கண்டுபிடிப்பைச் சாத்தியமாக்கியது.

=== களங்கமும் மறைத்தலும் ===

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குடும்பங்கள் மீது கடும் களங்கம் சுமத்தப்பட்டது. 1916 இல் அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட் வெளியிட்ட ஆய்வு 962 நோயாளிகளைப் பற்றிக் கூறியது. இனமேம்பாட்டுக் கொள்கையாளரான இவர், இக்குடும்பங்கள் பெருகாமல் தடுக்க அரசு தலையிட வேண்டும் என்ற கருத்துடையவர். செருமனியில் நாசி அரசு 1933 இல் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்நோயும் இடம்பெற்றது.

இச்சூழலில் குடும்பங்கள் நோயை மறைத்தன. தள்ளாடும் நடையைக் குடிப்பழக்கம் என்றும், மனமாற்றத்தை நரம்புத் தளர்ச்சி என்றும் கூறினர். மனநல மருத்துவமனையில் இறந்தவர்களின் பெயர் வீட்டில் உச்சரிக்கப்படாமலே போனது. இதன் விளைவாக, அடுத்த தலைமுறையினர் தமக்குள்ள ஆபத்தை அறியாமலே மணம் செய்து பிள்ளைகள் பெற்றனர். வெளியாரின் இகழ்ச்சிக்கு அஞ்சிக் காத்த மௌனம், சொந்தப் பிள்ளைகளுக்கே தீங்காக முடிந்தது.

2017 மே 18 அன்று போப்பாண்டவர் பிரான்சிசு, பல நாடுகளைச் சேர்ந்த ஹன்டிங்டன் நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தினரையும் வத்திக்கானில் சந்தித்தார். இந்நோய் இனி ஒருபோதும் மறைக்கப்படக் கூடாது என்பதே அச்சந்திப்பின் மையக் கருத்தாக இருந்தது.

== குடும்பத்தின் மீதான தாக்கங்கள் ==

=== வாழ்க்கைத் துணை ===

பராமரிப்பின் பெரும்பகுதி வாழ்க்கைத் துணை மீதே விழுகிறது. நோய் பல ஆண்டுகள் நீடிப்பதால் பராமரிப்பும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நோயாளியின் உடல் ஓயாமல் அசைவதாலும் வளர்சிதை மாற்றங்களாலும் அவருக்கு வழக்கத்தை விட அதிக உணவாற்றல் தேவைப்படுகிறது. உணவை மென்மையாக்கி, சிறு கவளங்களாக, அவசரமின்றி ஊட்ட வேண்டும். ஒரு வேளை உணவுக்கே வெகுநேரம் ஆகலாம். விழாமல் பார்த்துக்கொள்ளுதல், அடுப்பு, புகையிலை ஆகியவற்றால் தீ விபத்து நேராமல் காத்தல், பணப் பொறுப்பை மெல்லத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளுதல், வண்டி ஓட்டுவதை நிறுத்தச் செய்தல் ஆகியவையும் துணையின் பொறுப்புகள் ஆகின்றன. இவற்றில் வண்டி ஓட்டுவதை நிறுத்தச் செய்வது பல வீடுகளில் பெரும் பூசலுக்குக் காரணமாகிறது.

உடன் வாழ்பவரின் குணமே மாறிவிடும்போது, அவர் உயிருடன் இருக்கையிலேயே அவரை இழந்துவிட்ட துயரம் துணைக்கு ஏற்படுகிறது. சினமும் வன்சொல்லும் நோயின் விளைவு என்று அறிந்திருந்தாலும், அவற்றைத் தாங்குவது எளிதன்று. இதனுடன், தம் பிள்ளைகளையும் இதே நோயில் ஒரு நாள் பராமரிக்க நேருமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. கணவரையும் பின்னர் மகளையோ மகனையோ பராமரித்த தாய்மார்கள் இந்நோய்க் குடும்பங்களில் அரியவர்கள் அல்லர்.

=== பிள்ளைகள் ===

நோயுற்ற பெற்றோருடன் வளரும் பிள்ளைகள், சிறு வயதிலேயே பராமரிப்பாளர்களாக மாறுகின்றனர். உணவு ஊட்டுதல், தம்பி தங்கையரைக் கவனித்தல், பெற்றோரைக் கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகிய வேலைகள் பள்ளி செல்லும் வயதிலேயே அவர்கள் தலையில் விழுகின்றன. நண்பர்களை வீட்டுக்கு அழைக்கக் கூச்சப்படுகின்றனர். தாயின் அல்லது தந்தையின் சினத்திற்குத் தாமே காரணம் என்று சிறு குழந்தைகள் எண்ணிக்கொள்வதும் உண்டு.

வளர்ந்த பின், பெற்றோரின் முகத்தில் தம் எதிர்காலத்தைக் காணும் நிலை ஏற்படுகிறது. கையிலிருந்து குவளை நழுவினாலோ, படியில் கால் இடறினாலோ, ஒரு பெயர் மறந்துபோனாலோ, அது நோயின் தொடக்கமோ என்று தோன்றுகிறது. குடும்பத்தினரும் ஒருவரையொருவர் இவ்வாறு கண்காணிக்கின்றனர். தாயின் சாயல் உடைய மகளுக்கே நோய் வரும் என்று வீட்டார் தாமாக முடிவு கட்டிவிடுவதும் காணப்படுகிறது. முகச்சாயலுக்கும் இம்மரபணுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உண்மையைப் பிள்ளைகளிடம் எப்போது கூறுவது என்பது பெற்றோரின் பெரும் தயக்கம் ஆகும். வயதுக்கு ஏற்ற சொற்களில், சிறிது சிறிதாக, கேட்கும்போதெல்லாம் உண்மையைக் கூறுவதே நல்லது என்று மரபியல் ஆலோசகர்கள் அறிவுறுத்துகின்றனர். தற்செயலாகவோ, சண்டையின் நடுவிலோ தெரியவரும்போது ஏற்படும் அதிர்ச்சியும் நம்பிக்கை இழப்பும் மிகுதி.

=== உடன்பிறந்தோர் ===

நோய்க்கான மரபணு தமக்கு இல்லை என்று அறிந்தவர்கள் மகிழ்ச்சியுடன் வாழ்வர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அண்ணனுக்கோ தங்கைக்கோ நோய் இருக்க, தாம் மட்டும் தப்பியதால் குற்றவுணர்வு அடைவோர் பலர். ஒரு நாள் நோய் வந்துவிடும் என்ற எண்ணத்தில் படிப்பையும் திருமணத்தையும் தள்ளிப்போட்டவர்கள், திடீரென நீண்ட எதிர்காலம் கிடைத்ததும் திகைக்கின்றனர். இனி மற்றவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு தம்முடையதே என்ற சுமையும் அவர்களைச் சேர்கிறது.

=== பொருளாதாரம் ===

நோய் பொதுவாக உழைக்கும் வயதில் வருகிறது. நோயாளி வேலையை இழக்கிறார். பராமரிப்புக்காகத் துணையும் வேலையைக் குறைக்கவோ விடவோ நேரிடுகிறது. நோய் என்று அறியப்படும் முன்னரே, கவனக்குறைவு என்ற பெயரில் வேலை பறிபோவதும், தவறான பண முடிவுகளால் சேமிப்பு கரைவதும் நிகழ்கின்றன.

== முன்னறிதல் சோதனை ==

1983 இல் ஜேம்ஸ் குசெல்லாவும் உடன் பணியாற்றியோரும், நோய்க்கான மரபணு 4 ஆம் நிறப்புரியில் உள்ளது என்பதைக் காட்டும் அடையாளக் குறியைக் கண்டறிந்தனர். இதன் அடிப்படையில் 1986 முதல் முன்னறிதல் சோதனை வழங்கப்பட்டது. அச்சோதனைக்கு ஒருவருடைய இரத்தம் மட்டும் போதாது. நோயுற்ற உறவினர், நோயற்ற உறவினர் ஆகியோரின் மாதிரிகளும் தேவைப்பட்டன. ஒருவர் தம் நிலையை அறிய விரும்பினால் குடும்பமே முன்வர வேண்டியிருந்தது. 1993 மார்ச்சில் மரபணுவே கண்டறியப்பட்ட பின், ஒருவரின் இரத்த மாதிரியைக் கொண்டே விடை கூற இயன்றது.

சோதனை கிடைக்குமானால் ஆபத்தில் உள்ளோர் பெரும்பாலானவர் அதை நாடுவர் என்று முன்பு கருதப்பட்டது. நடைமுறையில் பல நாடுகளில் ஐந்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களே சோதனை செய்துகொண்டனர். நோயைத் தடுக்கும் மருந்து இல்லாதபோது, மாற்ற இயலாத ஒன்றை அறிந்து வாழ்வதை விட அறியாமல் வாழ்வதே மேல் என்று பலர் கருதுகின்றனர். சோதனை செய்துகொள்வோர், நிச்சயமின்மையே தாங்க முடியாதது என்றும், மணம், பிள்ளைப்பேறு, தொழில் ஆகியவற்றைத் திட்டமிட வேண்டும் என்றும் காரணம் கூறுகின்றனர்.

1994 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்களின்படி, சோதனை முழுக்க முழுக்கத் தன்விருப்பத்தால் மட்டுமே செய்யப்பட வேண்டும். முன்னும் பின்னும் ஆலோசனை வழங்கப்பட வேண்டும். அறிகுறி இல்லாத சிறுவர்களுக்குச் சோதனை செய்யலாகாது. பெற்றோர் விரும்பினாலும் இது பொருந்தும். வயது வந்த பின் அறியவோ அறியாதிருக்கவோ முடிவு செய்யும் உரிமை அப்பிள்ளைக்கே உரியது என்பது இதன் அடிப்படை.

=== ஒருவரின் விடை, மற்றவரின் விடை ===

குடும்பத்தில் ஒருவர் பெறும் விடை, கேட்காத மற்றொருவருக்கும் விடையாகிவிடலாம். பாட்டனாருக்கு நோய் இருந்து, தந்தை சோதனையை விரும்பாத நிலையில், பேரன் சோதனை செய்து மரபணு மாற்றம் உள்ளது என அறிந்தால், தந்தைக்கும் அது உள்ளது என்பது தெளிவாகிவிடும். ஒத்த இரட்டையரில் ஒருவர் செய்துகொள்ளும் சோதனையும் இத்தகையதே. அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும் இந்நிலைக்கு, எல்லோருக்கும் பொருந்தும் தீர்வு எதுவும் இல்லை.

இத்தகைய மோதல் ஒன்று இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை சென்றது. 2007 இல் ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். 2009 இல் அவருக்கு ஹன்டிங்டன் நோய் உறுதியானது. அப்போது கருவுற்றிருந்த மகளிடம் இதைக் கூற அவர் மருத்துவர்களை அனுமதிக்கவில்லை. மகப்பேற்றுக்குப் பின் 2010 இல் மகள் இதைத் தற்செயலாக அறிந்தார். பின்னர் தமக்கும் மரபணு மாற்றம் உள்ளது எனத் தெரிந்துகொண்டார். முன்பே கூறியிருந்தால் கருவைக் கலைத்திருப்பேன் என்று கூறி வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயர் மறைக்கப்பட்டுள்ளது. 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளியின் இரகசியத்தையும், ஆபத்தில் உள்ள உறவினரின் நலனையும் சீர்தூக்கிப் பார்க்கும் சட்டக் கடமை இத்தகைய சூழலில் மருத்துவர்களுக்கு உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. எனினும் இவ்வழக்கில் அக்கடமை மீறப்படவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

=== பிள்ளைப்பேறு ===

சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களைச் சோதித்து, மரபணு மாற்றம் இல்லாதவற்றை மட்டும் கருப்பையில் வைக்கும் முறை தற்போது உள்ளது. தம் நிலையை அறிய விரும்பாத பெற்றோருக்கும், அவர்களிடம் முடிவைக் கூறாமலே இதைச் செய்ய இயலும். கருவுற்ற பின் செய்யப்படும் சோதனையும் உண்டு. பிள்ளை பெறாதிருத்தல், தத்தெடுத்தல், ஆபத்தை ஏற்றுப் பிள்ளை பெறுதல் ஆகிய வழிகளையும் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கின்றன.

== அறியப்பட்ட குடும்பங்கள் ==

=== கத்ரி குடும்பம் ===

அமெரிக்க நாட்டார் பாடகர் வுடி கத்ரி 1912 இல் ஓக்லகோமா மாநிலத்தின் ஒகீமா ஊரில் பிறந்தார். இவருடைய தாய் நோரா பெல்லின் நடத்தை மாறியபோது ஊரார் அவரைப் பித்துப் பிடித்தவர் என்றனர். 1927 இல் மாநில மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1930 இல் அங்கேயே இறந்தார். வுடிக்கு நோய் தொடங்கியபோது குடிப்பழக்கம் எனவும் மனச்சிதைவு எனவும் கருதப்பட்டது. 1952 இல் ஹன்டிங்டன் நோய் என உறுதியானது. தம் வாழ்வின் இறுதிக் காலத்தை மருத்துவமனைகளில் கழித்த இவர், 1967 அக்டோபர் 3 அன்று இறந்தார்.

இவருடைய இரண்டாம் மனைவி மார்ஜரி கத்ரி ஒரு நடனக் கலைஞர். மணமுறிவுக்குப் பின்னரும் வுடியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர் இறந்த 1967 ஆம் ஆண்டிலேயே, ஹன்டிங்டன் நோயை எதிர்க்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். இதுவே பின்னர் அமெரிக்க ஹன்டிங்டன் நோய்ச் சங்கமாக வளர்ந்தது. தனித்தனியே மறைந்து வாழ்ந்த குடும்பங்களைத் தேடி இவர் ஊர் ஊராகச் சென்றார். அமெரிக்க அரசு அமைத்த ஹன்டிங்டன் நோய் ஆணையத்திற்குத் தலைமை வகித்தார். அதன் அறிக்கை 1977 இல் வெளியானது. மார்ஜரி 1983 இல் இறந்தார். வுடியின் முதல் மணத்தில் பிறந்த இரு மகள்களும் இந்நோய்க்கு ஆளாகி, தத்தம் 41 ஆம் வயதில் இறந்தனர்.

=== வெக்ஸ்லர் குடும்பம் ===

உயிரியல் பயின்ற லியோனோர் வெக்ஸ்லர், ஒரு நாள் காலை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சாலையைக் கடந்தபோது, காலை வேளையிலேயே குடித்திருப்பதாக ஒரு காவலர் அவரைக் கண்டித்தார். 1968 இல் அவருக்கு ஹன்டிங்டன் நோய் உறுதி செய்யப்பட்டது. அவருடைய தந்தையும் மூன்று உடன்பிறந்த ஆண்களும் இதே நோய்க்கு ஆளானவர்கள். ஆண்களுக்கு மட்டுமே இது வரும் என்ற தவறான எண்ணம் அக்குடும்பத்தில் நிலவியது.

அவருடைய முன்னாள் கணவரும் உளப்பகுப்பாய்வாளருமான மில்டன் வெக்ஸ்லர், தம் இரு மகள்களான ஆலிஸ், நான்சி ஆகியோரை அழைத்து, அவர்களுக்கும் சம வாய்ப்பு உண்டு என்பதைக் கூறினார். அதே ஆண்டில் மரபுநோய் ஆய்வுக்கான அறக்கட்டளை ஒன்றையும் தொடங்கினார். லியோனோர் 1978 இல் இறந்தார். மகள்கள் இருவரும் பிள்ளை பெறவில்லை. ஆலிஸ் இக்குடும்ப வரலாற்றை 1995 இல் நூலாக வெளியிட்டார். நான்சி மரபணுவைக் கண்டறியும் பெருமுயற்சியை முன்னின்று நடத்தினார். சோதனையை உருவாக்க உழைத்த அவர், தம் சோதனை பற்றிப் பேசுவதைத் தவிர்த்து வந்தார். தமக்கும் நோய் உள்ளது என்பதை 2020 இல் வெளிப்படையாக அறிவித்தார்.

=== மரக்காய்போ ஏரிக் குடும்பங்கள் ===

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை ஊர்களில், உலகில் வேறெங்கும் இல்லாத அளவு இந்நோய் செறிந்து காணப்படுகிறது. அங்கு அது எல் மால் எனப்படுகிறது. கேடு என்பது இதன் பொருள். மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெட் முதலில் அவர்களைக் குடிகாரர்கள் என்று எண்ணினார். பின்னர் நோயைக் கண்டறிந்து 1955 இல் நூலாக வெளியிட்டார். 1972 இல் அமெரிக்காவில் நடந்த நூற்றாண்டு நினைவுக் கருத்தரங்கில் இம்மக்களைப் பற்றிய படம் திரையிடப்பட்டது. அதைக் கண்ட நான்சி வெக்ஸ்லர், 1979 இல் அங்கு ஆய்வைத் தொடங்கினார்.

வெளிநாட்டவர் இரத்தம் கேட்டபோது மக்கள் தயங்கினர். நான்சியும் இந்நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதும், அவரும் ஆய்வுக்குத் தோல் மாதிரி அளித்தவர் என்பதும், கையிலிருந்த வடுவைக் காட்டி விளக்கப்பட்டன. அதன் பின் அவர்களின் நம்பிக்கை வளர்ந்தது. 4,000க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளும், 18,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட குடும்பக் கொடிவழியும் திரட்டப்பட்டன. 1983, 1993 ஆம் ஆண்டுகளின் கண்டுபிடிப்புகளுக்கு இம்மக்கள் அளித்த இரத்தம் பேருதவியாக இருந்தது. உலகெங்கும் பயன்படும் சோதனைக்கு வழிவகுத்த இக்குடும்பங்கள், வறுமையில் வாழ்வதும் போதிய மருத்துவ வசதி இன்றித் தவிப்பதும் ஆய்வு அறம் பற்றிய விவாதங்களில் சுட்டிக்காட்டப்படுகின்றன.

== சட்டமும் காப்பீடும் ==

சோதனை முடிவு வேலைக்கும் காப்பீட்டுக்கும் தடையாகுமோ என்ற அச்சம், சோதனையைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 2008 இல் இயற்றப்பட்ட சட்டம், மரபணுத் தகவலைக் கொண்டு மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஆயுள் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது. இந்நோயாளிகளுக்கு மிகவும் தேவைப்படுவது நீண்டகாலப் பராமரிப்பே என்பது கவனிக்கத்தக்கது. கனடாவில் 2017 இல் இயற்றப்பட்ட சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 இல் உறுதி செய்தது. பிரித்தானியாவில், 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் இந்நோயின் முன்னறிதல் சோதனை முடிவைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கலாம்.

== பராமரிப்பும் சிகிச்சையும் ==

நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆட்டத்தைக் குறைக்கும் டெட்ராபெனசின் 2008 இலும், டியூடெட்ராபெனசின் 2017 இலும், வால்பெனசின் 2023 இலும் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டன. மனச்சோர்வும் எரிச்சலும் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. இவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும்போது, வீட்டில் உள்ள அனைவரின் துன்பமும் குறைகிறது. தற்கொலை ஆபத்து இந்நோயில் அதிகம் என்பதால், மனநிலை மாற்றங்களை உடனே மருத்துவரிடம் கூறுவது முக்கியம். பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர், சமூகப் பணியாளர் ஆகியோர் சேர்ந்து பணியாற்றும் முறை பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் பின்பற்றத்தக்கவையாகக் கூறப்படுபவை:

* அன்றாட நிகழ்வுகளை மாறாத ஒழுங்கில் வைத்தல்.
* ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு, விடைக்குப் பொறுமையுடன் காத்திருத்தல்.
* சினம் எழும்போது வாதிடாமல் சற்று விலகி நிற்றல்.
* செயற்கை உணவுக்குழாய், இறுதிக்காலச் சிகிச்சை ஆகியவை பற்றிய விருப்பத்தை, நோயாளி தெளிவாகப் பேசும் காலத்திலேயே கேட்டறிதல்.
* பராமரிப்பவருக்கு ஓய்வு கிடைக்குமாறு உறவினர்கள் முறை வைத்து உதவுதல்.

இளையோருக்கெனத் தனி ஆதரவு தேவை என்பது உணரப்பட்டு, ஹன்டிங்டன் நோய் இளையோர் அமைப்பு 2012 இல் தொடங்கப்பட்டது.

நோயின் மூலத்தை நோக்கிய ஆய்வுகள் தொடர்கின்றன. ஹன்டிங்டின் புரதத்தைக் குறைக்கும் டோமினெர்சென் என்ற மருந்தின் பெரும் ஆய்வு 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, பல குடும்பங்கள் பெரும் ஏமாற்றம் அடைந்தன. 2025 செப்டம்பரில், மூளைக்குள் ஒரே முறை செலுத்தப்படும் ஏ.எம்.டி-130 என்ற மரபணு சிகிச்சை, உயர் அளவு பெற்றவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நோயின் வேகத்தை 75% குறைத்ததாக அதனை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. இக்கணக்கு 12 பேரை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. ஒப்பீடும் ஆய்வுக்கு வெளியே இருந்த நோயாளிகளின் தரவுகளுடனேயே செய்யப்பட்டது. நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை ஒன்று உறுதியாகுமானால், சோதனை செய்வதா வேண்டாமா, பிள்ளைகளிடம் எப்போது கூறுவது ஆகிய கேள்விகளுக்குக் குடும்பங்கள் இதுவரை அளித்துவந்த விடைகளும் மாறக்கூடும்.

== இவற்றையும் பார்க்க ==

* மரபியல்
* நிறப்புரி
* அல்சைமர் நோய்
* பார்க்கின்சன் நோய்
* மரபியல் ஆலோசனை
* இனமேம்பாட்டியல்